வாக்களிக்காதவரின் வாக்கு எங்கே போகிறது?

இலங்கை ஜனாதிபதித் தேர்தல் முடிவுகளை விடிய விடிய வானொலியில் கேட்டவர்களுக்கு அந்த வாசிப்பின் ஒழுங்கு மனப்பாடம். முதலில் வேட்பாளர்கள் பெற்ற வாக்குகள். பிறகு செல்லுபடியான வாக்குகள், நிராகரிக்கப்பட்ட வாக்குகள், அளிக்கப்பட்ட மொத்த வாக்குகள், பதிவுசெய்யப்பட்ட வாக்காளர் தொகை. வாக்களிக்கப் போகாமல் வீட்டில் இருந்துவிட்டவர்களுக்கு அந்தப் பட்டியலில் தனியாக ஒரு வரி கிடையாது. வேண்டுமானால் நாமே கழித்துப் பார்த்துக்கொள்ளலாம். கழித்தாலும், யார் எதற்காக வரவில்லை என்பது தெரியாது. கோபத்தில் வராதவர், காய்ச்சலில் படுத்திருந்தவர், கனடாவுக்குப் போய்ப் பல வருடமாகியும் இடாப்பில் பெயர் நீக்கப்படாதவர் எல்லோரும் அந்த ஒரே எண்ணுக்குள் கலந்துவிடுகிறார்கள்.

இரண்டு பெரிய தரப்புகள் மட்டுமே வெல்லக்கூடிய தேர்தலில், இரண்டையும் பிடிக்காத ஒருவர் என்ன செய்வது? வடக்குக் கிழக்குத் தமிழர் ஒவ்வொரு ஜனாதிபதித் தேர்தலிலும் கேட்டுவந்த கேள்வி இது. எரிகிற கொள்ளியில் எந்தக் கொள்ளி நல்ல கொள்ளி என்று சலித்துக்கொண்டு வீட்டிலேயே இருந்தவர்கள் உண்டு. குறைந்த தீமை என்று ஒருவருக்குப் புள்ளடி போட்டுவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு வந்தவர்களும் உண்டு. இரண்டு கூட்டத்தையும் நான் மதிக்கிறேன். ஆனால் எதைச் செய்தாலும், வாக்கெண்ணும் மேசையில் அது என்னவாகிறது என்று தெரிந்துகொண்டு செய்ய வேண்டும்.

முதல் ஜனாதிபதித் தேர்தல் நடந்த 1982இலிருந்து 2019 வரை போட்டி எப்போதும் இரண்டு முகாம்களுக்கு இடையேதான். ஒரு பக்கம் ஐக்கிய தேசியக் கட்சி அல்லது அது ஆதரித்தவர். மறுபக்கம் சிறீலங்கா சுதந்திரக் கட்சி, பிற்பாடு அதிலிருந்து கிளைத்த பொதுஜன பெரமுன. நாற்காலி ஒன்றுதான் என்றால் மூன்றாமவருக்குப் போடும் வாக்கு வீண் என்று மக்கள் பயப்படுகிறார்கள். அந்தப் பயமே மூன்றாமவரைச் சிறுக்க வைக்கிறது; அவர் சிறுக்கச் சிறுக்கப் பயம் கூடுகிறது. ஒரு தொகுதிக்கு ஒரே வெற்றியாளர் என்ற முறை உள்ள நாடுகளில் இரு கட்சிகள் மட்டும் நிலைப்பது ஏன் என்று பிரெஞ்சு அறிஞர் மொரிஸ் துவேர்ஜே 1951இல் இதே வகையில்தான் விளக்கினார்.

இனி விதிக்கு வருவோம். அரசியலமைப்பின் 94ஆம் உறுப்புரை சொல்வது இது: செல்லுபடியான வாக்குகளில் அரைவாசிக்கு மேல் பெற்றவர் ஜனாதிபதி. கவனியுங்கள், பதிவுசெய்யப்பட்ட வாக்காளர்களில் அரைவாசி அல்ல, அளிக்கப்பட்ட வாக்குகளில் அரைவாசியும் அல்ல. செல்லுபடியானவற்றில் மட்டும்.

இதன் விளைவு பெரியது. நூறு பேர் ஒழுங்காக வாக்களித்தால் வெல்வதற்கு 51 வேண்டும். அதில் இருபது பேர் இருவரும் வேண்டாமென்று வீட்டில் இருந்துவிட்டால் செல்லுபடியான வாக்கு 80. வெல்வதற்கு 41 போதும். வராத இருபது பேரும் ஒருவரையும் தேர்ந்தெடுக்கவில்லை. ஆனால் முன்னணியில் நிற்பவர் தாண்ட வேண்டிய கோலைப் பத்துப் படி இறக்கி வைத்துவிட்டார்கள். அவர்கள் வெறுத்தது அவரைத்தான் என்றாலும் நடந்தது அதுதான்.

2005 நவம்பர் 17ஆம் திகதி இது எண்ணாகவே நடந்தது. ஒரு பக்கம் மகிந்த ராஜபக்ச, மறுபக்கம் ரணில் விக்கிரமசிங்க. தமிழருக்கு இந்தத் தேர்தலில் அக்கறையில்லை என்ற நிலைப்பாட்டை விடுதலைப் புலிகளும் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பும் எடுத்தன. புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதி மக்களுக்காக எல்லைச் சாவடிகளை ஒட்டி அமைத்த கொத்தணி வாக்களிப்பு நிலையங்கள் வெறிச்சோடிக் கிடந்தன. யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தின் இடாப்பில் இருந்த பெயர்கள் 701,938. அளிக்கப்பட்ட வாக்குகள் 8,524. நூற்றுக்கு 1.2. புலம்பெயர்ந்தவர்கள், இடம்பெயர்ந்தவர்கள், இறந்தவர்கள் என்று அந்த இடாப்பு ஊதிப்போய்த்தான் இருந்தது. அதையெல்லாம் கழித்தாலும் லட்சக்கணக்கானவர்கள் போகவில்லை என்பதில் சந்தேகமில்லை.

மகிந்தவுக்கு 4,887,152. ரணிலுக்கு 4,706,366. வித்தியாசம் 180,786. செல்லுபடியான மொத்த வாக்குகள் 9,717,039. மகிந்த பெற்றது 50.29 சதவீதம். அரைவாசிக் கோட்டை அவர் 28,632 வாக்குகளால்தான் தாண்டியிருந்தார். இன்னும் ஏறத்தாழ 57,000 பேர் அவர் அல்லாத வேறு எவருக்காவது செல்லுபடியாக வாக்களித்திருந்தால் அவர் முதல் எண்ணிக்கையில் வென்றிருக்க மாட்டார். யாழ் மாவட்ட இடாப்பில் அது நூற்றுக்கு எட்டுப் பேர். அந்த எட்டுப் பேரும் ரணிலுக்குத்தான் போட்டிருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. வெல்ல வாய்ப்பே இல்லாத ஒரு சிறிய வேட்பாளருக்குப் போட்டிருந்தாலும் போதும், வாக்காளர் அடுத்ததாகக் குறித்த இரண்டாம் விருப்புகளை எண்ண வேண்டி வந்திருக்கும். அந்த எண்ணிக்கையில் முடிவை மாற்றுவதற்கு 180,786 என்ற இடைவெளியை அடைக்க வேண்டியிருந்திருக்கும், அது வேறு கணக்கு. ஆனால் அதற்கான வாக்காளர்களும் வடக்குக் கிழக்கில் இருந்தார்கள்.

ரணில் வென்றிருந்தால் போர் மூண்டிருக்காது என்று எவரும் உறுதி சொல்ல முடியாது. நானும் சொல்லவில்லை. பகிஷ்கரிப்பின் உண்மையான நோக்கம் என்ன என்பது பற்றிய வாதமும் ஓயவில்லை. எண்கள் சொல்வது ஒன்றைத்தான்: அன்று வீட்டில் இருந்தவர்கள் நடுநிலையாக இருக்கவில்லை, இருக்க முடியவுமில்லை. இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அன்று வீட்டில் இருந்த பலர் தாமாக இருக்கவில்லை. துப்பாக்கி வைத்திருப்பவர் போகாதே என்று சொல்லும் ஊரில் போகாமல் இருப்பதைப் பகிஷ்கரிப்பு என்று அழைப்பது அந்த மக்களுக்குச் செய்யும் அநீதி. வாக்களிக்காமல் இருக்கும் உரிமைக்கு அர்த்தம் இருக்க வேண்டுமானால் வாக்களிக்கும் உரிமை முதலில் இருக்க வேண்டும்.

சிலர் சொல்வார்கள்: வீட்டில் இருந்தால்தானே கணக்கில் வராது, நான் போய்ச் சீட்டில் குறுக்குக் கோடு கீறிவிட்டு வருகிறேன். எதிர்ப்புக் காட்டியதாகவும் இருக்கும். 2024இல் நிராகரிக்கப்பட்ட வாக்குகள் 300,300. அதில் எத்தனை எதிர்ப்பு, எத்தனை தவறு? எவருக்கும் தெரியாது. சீட்டிலே ஒருவர் உருக்கமாக ஒரு பந்தி எழுதியிருந்தாலும், மூக்குக் கண்ணாடியை மறந்துவிட்டு வந்த பாட்டி இரண்டு பெயருக்கு நேரே புள்ளடி போட்டிருந்தாலும், இரண்டும் ஒரே குவியலில்தான் விழும். அந்தக் குவியல் செல்லுபடியான வாக்கில் சேராது. ஆகவே முன்னணியில் இருப்பவரைப் பொறுத்தவரை சீட்டைக் கெடுத்தவரும் வீட்டில் இருந்தவரும் ஒன்றுதான். முடிவுப் பட்டியலில் ஒரு வரி கிடைக்கிறது என்பது மட்டுமே மிச்சம்.

இந்தியாவில் இந்த இடத்தில் ஒரு வசதி உண்டு. முன்பு ஒருவருக்கும் வாக்களிக்க விரும்பாதவர் 49-ஓ விதியின் கீழ் வாக்குச்சாவடி அதிகாரியிடம் சொல்லிப் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்திட வேண்டும். சாவடியில் இருந்த அத்தனை முகவர்களுக்கும் அவர் யாரென்று தெரிந்துவிடும். 2013 செப்டெம்பரில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்புக்குப் பிறகு வாக்குப்பதிவு இயந்திரத்திலேயே நோட்டா பொத்தான் வந்தது. இரகசியம் காக்கப்படுகிறது, எண்ணிக்கையும் தனியாகத் தெரிகிறது. எனினும் நோட்டாவே அதிக வாக்குப் பெற்றாலும், அதற்கு அடுத்துள்ள வேட்பாளர் வென்றவராகிவிடுவார். இலங்கையின் வாக்குச்சீட்டில் அந்த வரியும் இல்லை.

ஆனால் இலங்கையில் வேறொன்று இருக்கிறது. அதை எங்கள் ஆட்கள் பெரும்பாலும் பயன்படுத்துவதே இல்லை என்பதுதான் எனக்கு ஆறாத கவலை. ஜனாதிபதித் தேர்தலில் நீங்கள் மூன்று பேரை வரிசைப்படுத்தலாம். முதல் விருப்புக்கு 1, அடுத்ததற்கு 2, மூன்றாவதற்கு 3. எவரும் அரைவாசியைத் தாண்டாவிட்டால் முதல் இருவரைத் தவிர மற்றவர்கள் விலக்கப்படுகிறார்கள். விலக்கப்பட்டவருக்கு 1 போட்ட சீட்டுகளை எடுத்து, அவற்றில் 2 எஞ்சிய இருவரில் எவருக்கு இருக்கிறதோ அவருக்குச் சேர்க்கிறார்கள். 2உம் விலக்கப்பட்டவருக்கே போயிருந்தால் 3ஐப் பார்க்கிறார்கள்.

இதன் பொருளை ஒரு கணம் யோசியுங்கள். இரண்டு பேரும் எனக்கு வேண்டாம் என்று சொல்வதும், ஆனால் இருவரில் ஒருவர் வந்தே தீருவார் என்றால் இவர் வரட்டும் என்று சொல்வதும் ஒரே சீட்டில் முடியும். என் மனச்சாட்சிக்கு 1. என் பிள்ளைகளின் பாதுகாப்புக்கு 2. இரண்டுக்கும் இடையில் ஒன்றைத் தேர்ந்தெடு என்று நம்மை எவரும் வற்புறுத்தவில்லை. அதுமட்டுமல்ல, அந்த 1 செல்லுபடியான வாக்கு. அது அரைவாசிக் கோட்டை இறக்காது, ஏற்றும்.

1982இல் அகில இலங்கைத் தமிழ்க் காங்கிரஸின் குமார் பொன்னம்பலம் போட்டியிட்டு 173,934 வாக்குகள் பெற்றார். யாழ்ப்பாண மாவட்டத்தில் அவரே முதலிடம். ஜே. ஆர். ஜெயவர்த்தன 52.91 சதவீதத்தோடு வென்றுவிட்டதால் இரண்டாம் விருப்பு எண்ண வேண்டி வரவில்லை. அதன் பிறகு நாற்பது வருடங்களுக்கு மேலாக எந்த ஜனாதிபதித் தேர்தலிலும் வரவில்லை. முதன்முறையாக 2024 செப்டெம்பரில் வந்தது. அநுர குமார திசாநாயக்க 42.31 சதவீதம், சஜித் பிரேமதாச 32.76. பழைய இரு முகாம் கணக்கு உடைந்த தேர்தல் அது. தமிழ்ப் பொது வேட்பாளராக நின்ற பா. அரியநேத்திரன் 226,343 வாக்குகள் பெற்றார்.

விலக்கப்பட்ட வேட்பாளர்களின் சீட்டுகள் 33 இலட்சத்துக்கு மேல். அவற்றிலிருந்து எஞ்சிய இருவருக்கும் சேர்ந்த விருப்புகள் 273,131 மட்டும்: சஜித்துக்கு 167,867, அநுரவுக்கு 105,264. நூறு சீட்டில் எட்டுத்தான் அடுத்த கட்டத்துக்குப் பயன்பட்டது. மற்ற தொண்ணூற்றிரண்டும் கடைசி மேசைக்கு வந்தபோது பேசாமல் இருந்துவிட்டன. அந்தத் தேர்தலின் முடிவு அதனால் மாறியிருக்காமல் போகலாம். இன்னொரு நாள் 2005 போல் ஒரு தேர்தல் வரும்போது அந்த மௌனம் விலை கேட்கும்.

இவ்வளவும் சொன்ன பிறகு, வாக்களிக்காமல் இருப்பது எப்போதும் பிழை என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 2010 ஜனவரியை நினைத்துப் பாருங்கள். முள்ளிவாய்க்காலில் போர் முடிந்து எட்டு மாதம். ஒரு பக்கம் அந்தப் போரை நடத்திய ஜனாதிபதி. மறுபக்கம் அதே போரைக் களத்தில் நடத்திய இராணுவத் தளபதி சரத் பொன்சேகா. இடம்பெயர்ந்தோரை வைத்திருந்த செட்டிகுளம் முகாமிலிருந்து அப்போதுதான் வெளியே வந்த ஒரு தாயிடம், இந்த இருவரில் ஒருவரைத் தேர்ந்தெடுங்கள் அம்மா, அதுதான் சனநாயகக் கடமை என்று சொல்ல எனக்கு வாய் வராது. கூட்டமைப்பு பொன்சேகாவை ஆதரிக்கச் சொன்னது. யாழ்ப்பாணத்தில் நான்கில் ஒருவர் அளவுக்கே வாக்களித்தார்கள். எம். கே. சிவாஜிலிங்கம் தனித்து நின்று நாடு முழுவதிலும் பெற்றது 9,662. மகிந்த 57.88 சதவீதத்தோடு வென்றார்; வடக்கு முழுவதும் திரண்டு போயிருந்தாலும் அது மாறியிருக்காது. சிலருக்குப் போக்குவரத்து இல்லை, சிலருக்கு அடையாள அட்டை இல்லை, சிலருக்கு மனம் இல்லை. மனம் இல்லாமல் இருந்தவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். கை நடுங்காமல் புள்ளடி போட முடியாத சீட்டு என்று ஒன்று உண்டு.

அதேபோல, போய் வாக்களித்தால் முடிவு நம் கையில் என்ற உத்தரவாதமும் இல்லை. 2019இல் யாழ்ப்பாணத்தில் நூற்றுக்கு எண்பதுக்கு மேல் சஜித்துக்குப் போட்டார்கள். கோட்டாபய ராஜபக்ச தெற்கின் வாக்குகளாலேயே 52.25 சதவீதத்தோடு வந்தார். வாக்குக்கு எண்ணிக்கை வலிமை மட்டுமே உண்டு. சிறுபான்மைக்கு அந்த வலிமை போட்டி நெருக்கமாக இருக்கும்போதுதான் வேலை செய்யும். நெருக்கமாக இருக்கப் போகிறதா என்பது வாக்குப் பெட்டி திறக்கும் வரை தெரியாது என்பதுதான் சிக்கல்.

கொள்கைக்காக விலகி நின்ற சுத்தமான உதாரணம் வேண்டுமென்றால் 1931க்குப் போக வேண்டும். டொனமூர் அரசியலமைப்பின் கீழ் முதல் அரசாங்க சபைத் தேர்தல். பெண்களுக்கும் ஏழைகளுக்கும் சேர்த்து எல்லோருக்கும் வாக்குரிமை கிடைத்த முதல் தேர்தலும் அதுவே. காந்தியை 1927இல் அழைத்து வந்த யாழ்ப்பாண இளைஞர் காங்கிரஸ், முழுச் சுயராச்சியம் தராத அமைப்பு எங்களுக்கு வேண்டாம் என்று பகிஷ்கரிக்கச் சொன்னது. ஹண்டி பேரின்பநாயகம் போன்றவர்கள் முன்னின்றார்கள். சாதி, சீதனம், வகுப்புவாதம் எல்லாவற்றையும் எதிர்த்த இளைஞர்கள் அவர்கள். நோக்கத்தில் களங்கம் காண முடியாது. யாழ்ப்பாணம், ஊர்காவற்றுறை, காங்கேசன்துறை, பருத்தித்துறை ஆகிய நான்கு தொகுதிகளிலும் ஒருவர்கூட வேட்புமனுத் தாக்கல் செய்யவில்லை.

வீட்டில் இருக்கும் தனி வாக்காளரின் மௌனத்துக்கும் இதற்கும் வேறுபாடு தெளிவு. இங்கே கோரிக்கை முன்கூட்டியே சொல்லப்பட்டது. மிரட்டல் இல்லாமல் பேசிப் பேசி இணங்க வைத்தார்கள். வெறுமை எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது: சபையில் நான்கு நாற்காலிகள் காலி. எவரும் அதைக் காய்ச்சல் என்றோ சோம்பல் என்றோ நினைக்க வழியில்லை. ஆனால் தெற்கிலும் பகிஷ்கரிப்புப் பரவும் என்ற எதிர்பார்ப்பு நிறைவேறவில்லை. சபை அந்த நால்வர் இல்லாமலே கூடியது, குழுக்களை அமைத்தது, அமைச்சர்களைத் தெரிந்தது. 1934இல் இடைத்தேர்தல் வைத்துத்தான் அந்த இடங்கள் நிரம்பின. அதில் பருத்தித்துறையிலிருந்து வந்தவர் ஜி. ஜி. பொன்னம்பலம், இளைஞர் காங்கிரஸ் எதிர்த்த வகுப்புவாரிப் பிரதிநிதித்துவத்தையே பின்னர் ஐம்பதுக்கு ஐம்பது என்று கேட்டவர். அடுத்த அடி என்ன என்று முடிவு செய்யாமல் விட்ட இடத்தை வேறொருவர் வந்து நிரப்புவார் என்பதற்கு இதைவிடத் துலக்கமான சான்றை நான் காணவில்லை.

பேரம் பேசுவதற்காக விலகி நிற்பது என்ற வாதமும் இருக்கிறது. எப்படியும் நமக்குத்தான் போடுவார்கள் என்று ஒரு கட்சிக்குத் தெரிந்துவிட்டால் அது நமக்கு ஒன்றும் தராது. ஆகவே ஒருமுறையாவது போகாமல் இருந்து காட்ட வேண்டும் என்பார்கள். வாதத்தில் பாதி சரி. 2015 ஜனவரியில் மைத்திரிபால சிறிசேன நாடு முழுவதிலும் 449,072 வாக்குகளால் முந்தினார். யாழ்ப்பாணம், வன்னி, மட்டக்களப்பு ஆகிய மூன்று தேர்தல் மாவட்டங்களில் மட்டும் அவருக்கு இருந்த முன்னிலை ஏறத்தாழ நாலரை இலட்சம். அப்போதும் பகிஷ்கரிக்கும்படி கோரியவர்கள் தமிழ் அரசியலில் இருந்தார்கள், மக்கள் கேட்கவில்லை. ஒரு ஜனாதிபதியை மாற்றும் அளவுக்கு அந்த வாக்கு எடை போட்டது. ஆனால் அந்த எடையைக் காட்டிப் பகிரங்கமாக எழுதி வாங்கிய உடன்படிக்கை எதுவும் கூட்டமைப்பிடம் இருக்கவில்லை. கொஞ்சம் காணி திரும்பக் கிடைத்தது, வடக்குக்கு இராணுவத்தைச் சாராத ஆளுநர் வந்தார், காணாமல் போனோர் அலுவலகத்துக்கான சட்டம் வந்தது. புதிய அரசியலமைப்பு வரவில்லை. பேரம் தேர்தலுக்கு முந்திய வாரங்களில் முடிய வேண்டிய வேலை. வாக்களிக்கும் நாளன்று வீட்டில் இருப்பது பேரம் ஆகாது, அப்போது கேட்பதற்கு எவரும் எதிரில் இல்லை.

என் ஒருத்தியின் வாக்கால் என்ன வரப்போகிறது என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. தனி ஒரு வாக்கு முடிவை மாற்றுவது அபூர்வம், உண்மைதான். ஆனால் வடக்குக் கிழக்கில் எவரும் தனியாக முடிவு செய்வதில்லை. கோயில் வீதியிலும் சந்தையிலும் வாசிகசாலையிலும் பேசி, ஒரு ஊர் ஒரு பக்கம் சாய்கிறது. 2015இன் திரட்சி அப்படித்தான் உண்டானது.

நடைமுறையில் இரண்டு விடயங்கள். ஒருவரை மட்டும் தெரிவதானால் ஒரு புள்ளடி போதும். வரிசைப்படுத்துவதானால் 1, 2, 3 என்று இலக்கம் எழுதுங்கள். புள்ளடியையும் இலக்கத்தையும் ஒரே சீட்டில் கலக்க வேண்டாம், உங்கள் வாக்கு நிராகரிப்புக் குவியலுக்குப் போய்விடக்கூடும். ஒரே இலக்கத்தை இரண்டு பேருக்குப் போடவும் வேண்டாம்.

மற்றது, எந்தத் தேர்தலிலும் வாக்களிப்பதில்லை என்று நீங்கள் முடிவே செய்திருந்தாலும், கிராம அலுவலர் இடாப்புப் படிவத்தோடு வரும்போது வீட்டில் உள்ளவர்களின் பெயர்களைக் கொடுங்கள். பாராளுமன்றத்தின் மாவட்ட ஆசனங்களில் பெரும்பகுதி பகிரப்படுவது பதிவுசெய்யப்பட்ட வாக்காளர் தொகையை வைத்துத்தான். யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்துக்கு 2010இல் ஒன்பது ஆசனங்கள் இருந்தன. 2015இல் ஏழு. 2024இல் ஆறு.